ஹோஸ்டிங் வாங்கும் முன் எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: தமிழில் ஒரு சிறு வேர்ட்பிரஸ் தளமும் அதிலேயே ஒரு ஊகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் மென்பொருள்) கடையும் நடத்தப் போகிறேன். அதற்கு ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வாங்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் ‘அன்லிமிடெட்’, ‘99.9% அப்டைம்’ (தளம் நிற்காமல் இயங்கும் நேரம்) என்றே போட்டிருக்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: விலைப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். அங்கே எல்லாரும் ஒன்றையேதான் சொல்வார்கள். வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில்: புதுப்பிக்கும்போது கேட்கும் விலை, விதிமுறைப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரம்புகள்.

முதலில் விலை. ஒரு உதாரணக் கணக்கு. ‘அ’ நிறுவனம் மாதம் 149 ரூபாய் என்கிறது. ஆனால் அது மூன்று ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால்தான், அதன்பின் மாதம் 449. ‘ஆ’ நிறுவனம் என்றைக்கும் 249. ஆறு ஆண்டுக்குப் போட்டு, 18% ஜிஎஸ்டியும் சேர்த்தால், ‘அ’வுக்கு 25,403 ரூபாய், அதாவது மாதம் 353. ‘ஆ’வுக்கு 21,155, மாதம் 294. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடுதல். புதுப்பிப்பு விலை முகப்பில் கிடைக்காவிட்டால் கார்ட் (வாங்கும் கூடை) பக்கம் வரை போய்ப் பாருங்கள். அங்கே முன்கூட்டியே டிக் செய்து வைத்திருக்கும் பேக்கப், மால்வேர் ஸ்கேன் போன்ற துணைச் சேவைகளை எடுத்துவிட்டு வரும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் கார்டில் தானாகப் பிடிக்க ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். மூன்றாண்டுப் புதுப்பிப்பு அந்தத் தொகையைத் தாண்டினால் ‘ஆட்டோ ரெனியூவல்’ போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். ஓடிபி போடத் தவறினால் தளம் நின்றுவிடும்.

அடுத்தது வரம்புகள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிரும் திட்டம்) இதுதான் உயிர்நாடி. பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற மென்பொருளால் ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, ராம், என்ட்ரி பிராசஸ், ஐநோடு என்று தனித்தனி வரம்பு வைக்கின்றன. ‘அன்லிமிடெட்’ என்பது டிஸ்க் அளவுக்கோ பேண்ட்வித்துக்கோதான், இவற்றுக்கு இல்லை.

என்ட்ரி பிராசஸ் என்றால் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) கோரிக்கைகளின் எண்ணிக்கை. 20 என்று இருந்தால் 20 பேர்தான் தளத்தில் இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு பக்கத்தை உருவாக்க அரை வினாடி ஆனால் வினாடிக்கு 40 பக்கம் தரலாம். அதே பக்கம் கனமான தீமாலும் (தளத்தின் தோற்ற அமைப்பு) பிளகின்களாலும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) 4 வினாடி எடுத்தால் வினாடிக்கு 5தான். அதற்கு மேல் வருகிறவருக்கு ‘508 ரிசோர்ஸ் லிமிட்’ என்ற பிழைதான் தெரியும். கட்டுரைப் பக்கங்களை கேஷ் (ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்துத் திரும்பத் தருவது) காப்பாற்றிவிடும். ஊகாமர்ஸில் கார்ட், செக்அவுட் (பணம் கட்டும்) பக்கங்களை கேஷ் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் பிஎச்பி ஓடியாக வேண்டும். தீபாவளித் தள்ளுபடி போடும் நாளில் கடை சரியாக அங்கேதான் விழும். கடைக்காக ஒப்பிடுகிறீர்கள் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட இந்த எண்ணையும் ராம் அளவையும் முன்னால் வையுங்கள்.

ஐநோடு என்பது கோப்புகளின் எண்ணிக்கை. வேர்ட்பிரஸ் மட்டுமே சில ஆயிரம் கோப்பு. நீங்கள் ஏற்றும் ஒரு பெரிய படத்தை அது ஏழெட்டு அளவுகளில் வெட்டி வைக்கும். 1,000 பொருள் படம் என்றால் அதுவே ஏழெட்டாயிரம். அதே கணக்கில் மின்னஞ்சலும் வைத்தால் ஒவ்வொரு மடலும் ஒரு கோப்பு. டிஸ்கில் பாதி காலியாக இருக்கும்போதே படம் ஏற மறுப்பது இதனால்தான்.

வேகத்துக்கு, சர்வர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மும்பை, பெங்களூரு, சென்னை என்றால் நல்லது, சிங்கப்பூரும் போதும். அமெரிக்கா என்றால் தகவல் ஒருமுறை போய்த் திரும்பும் சுற்றுக்கே 200 மில்லிவினாடிக்கு மேல் போய்விடும். பக்கம் திறக்க அப்படிப் பல சுற்று தேவை.

அப்டைமைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 99.9% என்றால் 30 நாளில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம்.

பேக்கப்பில் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் பிரதி இருக்கும், மீட்டெடுக்கத் தனிக் கட்டணம் உண்டா, பிரதி வேறு கட்டடத்தில் இருக்கிறதா. மூன்றாவது கேள்வி மிகையாகத் தோன்றலாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பற்றி ஒரு கட்டடம் முழுதும் எரிந்தது. பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். யாரிடம் வாங்கினாலும், அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகினால் கூகுள் டிரைவுக்கு வாரம் ஒரு பிரதி நீங்களே அனுப்பிவிடுங்கள். கடைக்கு, தினமும்.

‘டாப் 10 ஹோஸ்டிங்’ பட்டியல்களை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரும்பாலும் அதிலுள்ள இணைப்பின் வழியாக வாங்கும் ஒவ்வொருவருக்கும் எழுதியவருக்குக் கமிஷன் போகிறது; வரிசையை அதுவும் தீர்மானிக்கும். ஒரே குழுமம் பல பெயர்களில் விற்பதும் உண்டு. ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், பிக்ராக் எல்லாம் நியூஃபோல்டு டிஜிட்டல் குழுமத்துடையவை. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது அது தெரிந்திருக்கட்டும்.

இப்படி வடிகட்டி இரண்டு நிறுவனம் மிஞ்சும். இரண்டின் சாட்டிலும் இரவு 11 மணிக்கு ஒரே கேள்வியைப் போடுங்கள்: “இந்தத் திட்டத்தில் என்ட்ரி பிராசஸ், ஐநோடு, ராம் எவ்வளவு?” எண்ணாகப் பதில் சொல்பவரை எடுங்கள். “எல்லாம் போதுமான அளவு இருக்கிறது சார்” என்பவரிடம் பிரச்சினை வரும் நாளிலும் அதே பதில்தான் கிடைக்கும்.

முடிந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் பணம் திரும்பத் தரும் கெடுவுக்குள், பெரும்பாலும் 30 நாள், சோதித்துவிடுங்கள். உங்கள் தீம், பிளகின்கள் எல்லாவற்றையும் போட்டு, கேஷை அணைத்து, குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் முதல் வரியின் ‘டைமிங்’கைத் திறங்கள். ‘வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்’ என்ற எண்தான் வேண்டும். காலை 11 மணிக்குப் பத்து முறை, இரவு 9 மணிக்குப் பத்து முறை பாருங்கள். 800 மில்லிவினாடிக்குள் நின்றால் நல்லது. காலையில் 500, இரவில் 2,500 என்று ஏறி இறங்கினால் அந்த சர்வரில் ஆட்களை நெருக்கி அடைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

டொமைனை (தளத்தின் இணையப் பெயர்) மட்டும் வேறு இடத்தில் வாங்குங்கள். ஹோஸ்டிங்கோடு வரும் ‘இலவச’ டொமைனின் விலையை ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள், தகராறு வந்தால் தளத்தோடு பெயரும் மாட்டிக்கொள்ளும். பெயர் தனியாக இருந்தால் வேறு ஹோஸ்டிங்குக்கு மாறுவது எளிது: டிஎன்எஸ் டிடிஎல்லை (பெயர் எந்த சர்வருக்குப் போகிறது என்பதை மற்ற கணினிகள் நினைவில் வைக்கும் நேரம்) முதல் நாளே 300 வினாடிக்குக் குறைத்துவிட்டு, மறுநாள் ஐபியை (சர்வரின் எண் முகவரி) மாற்றினால் பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் புதிய சர்வர் வந்துவிடும். அப்படி மாறும்போது டேட்டாபேஸ், தமிழைத் தாங்கும் எழுத்துக் குறியாக்கமான ‘யூடிஎஃப்8எம்பி4’ஆக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 ஆகிவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், பழைய பிரதி இல்லாமல் அதை மீட்க முடியாது. அதனால் பழைய ஹோஸ்டிங்கை இரண்டு வாரம் கழித்தே மூடுங்கள்.