அமெரிக்காவின் சண்டைகள்: ஒஹாயோ மாணவன் ஒருவனிடம் கேட்டவை

ஒஹாயோவில் பொதுக்கொள்கை படிக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். எஃப்-1 என்கிற மாணவர் விசா என்பதால் இங்கே எனக்கு ஓட்டு கிடையாது. அமெரிக்க அரசியலில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், மழுப்பாமல் என் கருத்தையே சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ட்ரம்ப் நல்லவரா கெட்டவரா என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும். அந்தப் பஞ்சாயத்தை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம்.

அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பது என்ன கணக்கு தம்பி? ஹிலாரி விஷயம் இன்னும் புரியவில்லை. (திருச்சி வாசகர்)

2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கு நாடு முழுக்கச் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம். ஆனால் அங்கே நடப்பது ஒரு தேர்தல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனித் தேர்தல். அதிபரை முடிவு செய்வது மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த எலெக்டோரல் ஓட்டு. மொத்தம் 538, அதில் 270 வந்தால் அதிபர். பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் அந்த மாநிலத்தின் அத்தனையும் ஜெயித்தவருக்கே. 2000இல் அல் கோர் நாடளவில் 5 லட்சத்துக்கும் மேல் முன்னிலை, ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் போச்சு.

எனக்கு இது பிடிக்காது. ஆனால் இதைவிடப் பெரிய கோளாறு நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் இருக்கிறது. 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2 செனட்டர், சுமார் 3.9 கோடி பேர் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் 2 செனட்டர். போதாததற்கு, 100 பேர் கொண்ட சபையில் பெரும்பாலான மசோதாக்களை ஓட்டுக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். இந்த 60ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

கருக்கலைப்பு விஷயத்தில் நாடே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்கிறார்களே. 50 வருஷமாகத் தீராத சண்டை எப்போது தீரும்? (டல்லஸ், மென்பொருள் துறை)

அண்ணா, நீங்கள் இருக்கும் டெக்சஸில் கிட்டத்தட்ட முழுத் தடை. நான் இருக்கும் ஒஹாயோவில் அது அரசமைப்பு உரிமை. இரண்டு மாநிலமும் ட்ரம்ப்பைத் தேர்ந்தெடுத்தவை. பிளவு என்கிற கதை அங்கேயே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன். கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973இன் ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24இல் டாப்ஸ் வழக்கில் ரத்து செய்தது. இனி மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஒஹாயோவில் கருவின் இதயத்துடிப்பு தெரிந்தபின், அதாவது சுமார் 6 வாரத்துக்குப்பின், தடை என்ற 2019ஆம் ஆண்டுச் சட்டம் அன்றே உயிர்பெற்றது. சில மாதங்களில் கீழ்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிறகு மக்களே கையெழுத்து திரட்டி, மாநில அரசமைப்பில் இந்த உரிமையைச் சேர்க்கப் பொதுவாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். மாநிலத்தை ஆண்ட குடியரசுக் கட்சியினர் (ட்ரம்ப் கட்சி) என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த வாக்கெடுப்புக்கு 3 மாதம் முன்னால், 2023 ஆகஸ்டில், வேறொரு வாக்கெடுப்பு வைத்தார்கள். இனி அரசமைப்பைத் திருத்த 50 சதவீதம் போதாது, 60 வேண்டும் என்று. கோடை விடுமுறையில் எவன் வந்து ஓட்டுப் போடப்போகிறான் என்ற கணக்கு. ஜனங்கள் வரிசையில் நின்று அதைத் தோற்கடித்தார்கள். நவம்பரில் உரிமைத் திருத்தம் சுமார் 57 சதவீதத்தோடு நிறைவேறியது. அதே ஒஹாயோ அடுத்த ஆண்டு ட்ரம்ப்பை 11 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது.

இப்போது ஃப்ளோரிடாவைப் பாருங்கள். 2024 நவம்பரில் அங்கேயும் இதே மாதிரி வாக்கெடுப்பு. அங்கேயும் 57 சதவீதம் ஆதரவு. தோற்றுப்போனது. ஏனென்றால் அங்கே 60 வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது.

என் கருத்து: இந்த முடிவு அந்தப் பெண்ணுடையது, டாப்ஸ் தவறான தீர்ப்பு. மத நம்பிக்கையால் எதிர்ப்பவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். என் வகுப்பிலேயே இருக்கிறார்கள், யோசித்துத்தான் பேசுகிறார்கள். ஜனநாயகக் கட்சிமேலும் எனக்குக் கோபம் உண்டு. 49 வருஷம் நீதிமன்றத் தீர்ப்பின்மேல் சாய்ந்துகொண்டு நாடாளுமன்றத்தில் சட்டமே இயற்றாமல் காலம் தள்ளினார்கள். பெண்ணுரிமைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கே, ரோ தீர்ப்பு ஒரேயடியாக நெடுந்தூரம் பாய்ந்துவிட்டது என்று 1990களிலேயே குறைபட்டிருக்கிறார். யார் காதில் விழுந்தது?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுடுகிறார்கள். அப்புறமும் துப்பாக்கியை விட மாட்டோம் என்பவர்கள் மனிதர்களா? (மதுரை, பள்ளி ஆசிரியை)

டீச்சர், உங்கள் கோபம் நியாயம். 2012இல் சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகள், 2022இல் யூவால்டியில் 19 குழந்தைகள். ஆனால் விட மாட்டோம் என்பவர்களில் ஒருவர் வீட்டில் நான் தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகை) விருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

என் அறைத்தோழனின் அப்பா. தென்கிழக்கு ஒஹாயோவில் மலைக்காட்டுப் பக்கம். விருந்து முடிந்து அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்குகிறது, அந்தப் பக்கம் சில பள்ளிக்கூடங்களுக்கு அன்றைக்கு லீவு. கீழ்த்தளத்தில் என் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டகம். திறந்து காட்டினார். உள்ளே துணி ஒட்டிய தடுப்புகளில் வேட்டைத் துப்பாக்கிகள் வரிசையாக. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில், தனிப் பூட்டு. பக்கத்து ஃப்ரீசரில் போன வருஷத்து மான்கறி, வெள்ளைத் தாளில் சுற்றி, எந்தத் துண்டு, எந்தத் தேதி என்று மார்க்கரில் எழுதி வைத்திருந்தார். மளிகைச் செலவில் அது பெரிய பங்கு. வாங்குகிற ஒவ்வொருவர் பின்னணியையும் சோதிக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா பண்ணட்டும், நான் கடையில வாங்குறப்போ படிவம் நிரப்பித்தானே வாங்குறேன்" என்றார். யாரிடம் என்ன துப்பாக்கி என்று மத்திய அரசு பட்டியல் வைக்கலாமா? முகம் மாறிவிட்டது. "அது மட்டும் நடக்காது."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது அச்சு அசலாக ஒரு மசோதாவாகவே வந்தது. 2013 ஏப்ரலில், ஜனநாயகக் கட்சியின் மான்ச்சினும் குடியரசுக் கட்சியின் டூமியும் சேர்ந்து கொண்டுவந்தது. கடையில் வாங்கினால்தான் சோதனை, கண்காட்சியிலும் இணையத்திலும் தனியாள் விற்றால் இல்லை என்ற ஓட்டையை அடைப்பது. கூடவே, மத்தியப் பட்டியல் வைக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். செனட்டில் 54 பேர் ஆதரவு. வேண்டியது 60. முடிந்தது கதை.

இன்னொன்று. இங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. பள்ளிக்கூடச் சாவுகள் உலகச் செய்தியாகின்றன, இது ஆவதில்லை. அதனால் என் முதல் ஓட்டு (இருந்தால்) பூட்டி வைக்கும் சட்டத்துக்கும், வாங்கியதும் கையில் கொடுக்காமல் சில நாள் காக்க வைக்கும் சட்டத்துக்கும். இயந்திரத் துப்பாக்கி மாதிரித் தோற்றமுள்ளவற்றைத் தடை செய்வது எனக்கு இரண்டாம் பட்சம். இதைச் சொன்னால் என் பல்கலைக்கழக நண்பர்களுக்கே பிடிப்பதில்லை.

நம்ம ஊர் இட ஒதுக்கீடு மாதிரி அங்கே இருந்ததை நீதிமன்றம் ஒழித்துவிட்டது, இந்தியர்கள் கொண்டாடினார்கள் என்று கேள்வி. நியாயமா? (சென்னை, சட்ட மாணவி)

மாதிரி என்றாலும் ரொம்ப தூரத்துச் சொந்தம். இத்தனை சதவீதம் இன்னாருக்கு என்று இடம் ஒதுக்குவதை 1978இலேயே பாக்கி (Bakke) என்பவர் தொடுத்த வழக்கில் தடை செய்துவிட்டார்கள். மாணவரை எடை போடும்போது பல விஷயங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்பதுதான் மிஞ்சியிருந்தது. 2023 ஜூன் 29இல் ஹார்வர்ட், வட கரோலினா வழக்குகளில் அதுவும் போனது. ராணுவக் கல்லூரிகளைப் பற்றி மட்டும் நாங்கள் எதுவும் சொல்லவில்லை என்று ஒரு அடிக்குறிப்பில் ஒதுக்கி வைத்தார்கள். அதிகாரிகள் எல்லா இனத்திலிருந்தும் வேண்டும் என்பது ராணுவத்துக்குப் பொருந்தும், மருத்துவக் கல்லூரிக்குப் பொருந்தாதா? தீர்ப்பில் எனக்கு உறுத்தும் இடம் அது.

நீங்கள் சட்டம் படிப்பதால் ஒரு ஒப்பீடு. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சாதி, மதவாரியாகக் கல்லூரி இடம் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது நம் உச்ச நீதிமன்றம். தமிழ்நாடு கொதித்தது. அதே வருஷம் நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தி, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4)ஐச் சேர்த்தது. அமெரிக்காவில் அப்படித் திருத்த இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்மேல் 50இல் 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். கடைசியாகச் சேர்ந்த திருத்தம் 1992இல். அதுவும் 1789இல் முன்மொழியப்பட்டது! அதனால்தான் 9 நீதிபதிகளில் யார் ஓய்வு, யார் சாவு என்பது இங்கே வாழ்வா சாவா பிரச்சினை.

கொண்டாடியவர்களைப் பற்றி: எல்லோரும் கொண்டாடவில்லை. ஆனால் தாத்தா காலத்தில் இட ஒதுக்கீட்டில் பொறியியல் சீட்டு வாங்கி, அதில் ஏறி இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் சில, கறுப்பின மாணவருக்கு மட்டும் "மெரிட்" பாடம் எடுப்பதை நேரில் கேட்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு சாம்பார் பரிமாறினேன். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் காட்டும் சலுகையைப் பற்றி அவர்கள் யாரும் மூச்சு விடவில்லை.

வாக்காளர் அட்டை கேட்டால் இனவாதம் என்கிறார்களாமே? நம் ஊரில் அட்டை இல்லாமல் பூத்துக்குள் நுழைய முடியுமா? (கோவை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி)

ஐயா, நம் ஊரில் வீட்டுக்கு வந்து பெயர் சேர்க்கிறார்கள், அட்டையையும் தேர்தல் ஆணையமே தருகிறது. அது தொலைந்தாலும் ஆதார், பாஸ்புக் என்று மாற்று ஆவணப் பட்டியல் நீளம். இங்கே தேசிய அடையாள அட்டையே கிடையாது, தேர்தல் நடத்துவதும் மாநிலமும், மாவட்டம் மாதிரியான கவுன்ட்டியும்தான். பெரும்பாலோருக்கு அடையாளம் என்றால் ஓட்டுநர் உரிமம். கார் ஓட்டாத கிழவி, நகரத்து ஏழை, மாணவன் ஆகியோரிடம்தான் அது இருக்காது. எதை ஏற்பது என்பதில்தான் அரசியல். டெக்சஸ் 2011இல் போட்ட சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம், அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டையைக் காட்டிப் போட முடியாது. ஒஹாயோவிலும் 2023 முதல் புகைப்பட அட்டை கட்டாயம், மாணவர் அட்டை செல்லாது. அட்டை கேட்பது எனக்குச் சம்மதம். ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு இலவச அட்டையும் உண்டு, ஆனால் அதை வாங்க அவர்தான் அலைய வேண்டும். நம் ஊர் மாதிரி வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

எச்-1பி கட்டணம் 1 லட்சம் டாலர். இனி யாரும் வர முடியாதா? எந்தக் கட்சி நமக்கு நல்லது? (ஓசூர்)

எச்-1பி என்பது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை விசா. 2025 செப்டம்பரில் வந்த அந்தக் கட்டணம், வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக மனுப் போடும் நிறுவனத்துக்கு. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர் புதுப்பிக்கக் கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வரம்பு 65,000 விசா, இங்கே முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000.

எந்தக் கட்சி என்பதற்கு நேர்ப்பதில் இல்லை. 2024 கடைசியில் இந்த விசாவை ஆதரித்து மஸ்க் வரிந்து கட்டினார், எதிர்த்து ட்ரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் நின்றார், இருவரும் ட்ரம்ப் ஆட்கள். சில நாளில் இடதுசாரி பெர்னி சாண்டர்ஸும் இந்த விசா கம்பெனிகளுக்கு மலிவான கூலியாள் பிடிக்கும் வழி என்று தாக்கினார். நான் சொன்னால் சுயநலம் ஆகிவிடும், ஆனாலும் சொல்கிறேன்: சாண்டர்ஸ் வாதத்தில் பாதி உண்மை. வேலை போனால் 60 நாளில் வேறு வேலை தேட வேண்டிய ஆள் முதலாளியிடம் சம்பளம் பேச மாட்டான். அதற்கு மருந்து, வேலை மாற விடுவது. எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) இல்லை என்ற விதி அப்படியே கிடக்கும்வரை இந்தியர்களுக்கு விடிவில்லை.

கல்விக் கடன் தள்ளுபடி? (பெங்களூரு)

பைடன் தலைக்கு 10,000 டாலர், ஏழை மாணவர்க்கு 20,000 வரை என்றார். நாடாளுமன்றம் தராத அதிகாரம் என்று 2023இல் நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்போது ஒருமுறை தள்ளுபடி செய்தால் அடுத்த வருஷம் சேருகிறவன் என்ன பாவம் செய்தான்?

இவ்வளவு பேசுகிறாயே தம்பி, விசாவுக்குப் பயம் இல்லையா? (யாழ்ப்பாணம்)

இருக்கிறது. 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் சமூக ஊடகக் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். ஊருக்கு வந்து முத்திரை குத்திக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதால் போன கோடையில் அக்கா கல்யாணத்துக்கே யோசித்துத்தான் வந்தேன். என் பெயரும் பல்கலைக்கழகமும் இதில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நன்றி.

மூன்றாவது கட்சி ஏன் வருவதில்லை? (சேலம்)

வந்தார்கள். 1992இல் ராஸ் பெரோ 19 சதவீத ஓட்டு வாங்கினார். எலெக்டோரல் ஓட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? டிவி விவாதம் பார்த்து மண்டை காய்கிறது. (தஞ்சாவூர், கல்லூரி மாணவர்)

டிவியை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு கவுன்ட்டியின் மாதிரி வாக்குச்சீட்டை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அதிபர் மேலே ஒரு வரி. கீழே ஷெரிஃப் (கவுன்ட்டியின் காவல் தலைவர்), கணக்கு அதிகாரி, பள்ளிக்கூட வரியை உயர்த்தலாமா என்ற கேள்வி, நீதிபதிகள் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒஹாயோவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் தேர்தலில் நிற்கிறார்கள், 2022 முதல் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயரோடு. சந்தேக மரணங்களை விசாரிக்கும் கவுன்ட்டி மருத்துவர்கூட இங்கே தேர்ந்தெடுக்கப்படுகிறவர்தான். பிணத்துக்கு எந்தக் கட்சி என்று என் அறைத்தோழனிடம் கேட்டேன். சிகாகோவில் அவையும் ஓட்டுப் போடும் என்று பழைய ஜோக் ஒன்றைச் சொன்னான்.