லூடோ ஆடுறவங்க கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

காரைக்குடியில செல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கடைக்கு வர்றவங்க டிஸ்ப்ளே மாத்த வந்துட்டு, போறப்ப கடைசியா கேக்குறது லூடோ பத்தித்தான், அதான் எல்லாரும் ஒண்ணாக் கேளுங்கன்னு சொன்னேன். ஒரே ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன், காசு வச்சு ஆடுற ஆட்டம் பத்தி "எப்படி ஜெயிக்கிறது"ன்னு யாரும் கேக்காதீங்க, பதில் வராது.

கோட்டையூர் தம்பி: அண்ணே, எனக்கு மட்டும் ஆறே விழ மாட்டேங்குது. எதிராளிக்கு வரிசையா விழுது. ஆப்புல ஏமாத்துறாங்களா?

தம்பி, இத எல்லாருமே கேப்பாங்க, அதனால விவரமாச் சொல்றேன், ஒரு தடவைதான் சொல்லுவேன். ஆறு விழுந்தாத்தான் காய் வெளிய வரும், ஒரு உருட்டல்ல அது விழ 6ல 1 வாய்ப்பு. பத்து தடவை உருட்டியும் ஒரு ஆறு கூட விழாம போற வாய்ப்பு எவ்வளவு தெரியுமா, சுமார் 16 சதவீதம், அதாவது ஆறு பேர்ல ஒருத்தன் அப்படித்தான் உக்காந்திருப்பான். இப்ப நாலு பேர் ஆடுறீங்கன்னு வையி, நாலு பேர்ல யாராவது ஒருத்தனுக்கு முதல் பத்து உருட்டல்ல ஆறே விழாம இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ரெண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம் யாரோ ஒருத்தன் "ஏமாத்துறானுங்க"ன்னு போனத் தூக்கி எறியப் பாப்பான், அன்னைக்கு அது நீ.

அப்புறம் இன்னொண்ணு. நாலு பேர் ஆட்டத்துல உன் எதிர்ல மூணு பேர். விழுற நாலு ஆறுல மூணு அவங்களுக்குத்தான் போகும், அது கணக்கு. ஆறு விழுந்தா இன்னொரு உருட்டல் வேற, அதனால பாக்குற உனக்கு அவங்களே உருட்டிக்கிட்டிருக்க மாதிரி இருக்கும். உன் ஆறு மறந்துரும், அவன் ஆறு மட்டும் மனசுல நிக்கும்.

சந்தேகம் தீரலையா, ஒரு நோட்டு எடு. 600 உருட்டலு எழுது, எல்லாரோடதும் சேத்து. ஒவ்வொரு எண்ணும் 100 பக்கம் வரணும், 82லேர்ந்து 118 வரைக்கும் எங்க நின்னாலும் சாதாரணம்தான். ஆறு 60 தான் வந்திருக்குன்னா வந்து சொல்லு, சேந்து திட்டலாம். இதுவரைக்கும் சண்டைக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் கூட நோட்டு எடுத்துட்டு வந்ததில்ல.

பள்ளத்தூர் ஆச்சி: தம்பி, பேரப்புள்ளைக கோலாலம்பூர்ல இருக்காக. ராத்திரி ஆடுவோம். நல்லா போய்ட்டு இருக்கப்ப நெட் போயிருது, என் காயை கம்ப்யூட்டரே நகட்டி வெட்டு வாங்க வச்சிருது. என்ன செய்ய?

ஆச்சி, உங்க பிரச்சனை ஆட்டத்துல இல்ல, வீட்டுல. நம்ம ஊரு பழைய வீட்டுச் சுவரு செங்கல்லும் சுண்ணாம்புமா அந்தக் கனத்துக்கு நிக்குது, செல் சிக்னலும் வைஃபையும் அதத் தாண்டுறதுக்குள்ள செத்துரும். ரெண்டாங்கட்டுல உக்காந்து ஆடுனா நெட் போகத்தான் செய்யும். முகப்புக்கு வாங்க, இல்லாட்டி வளவுல வானம் தெரியிற எடத்துல உக்காருங்க. வீட்டுல வைஃபை இருந்தா பெட்டிய முகப்புல மாட்டிட்டு பின்கட்டுல தேடாதீங்க, நடுவுல மாட்டச் சொல்லுங்க.

ரெண்டாவது, ஆடிக்கிட்டிருக்கப்ப போன் கால் வந்தா நெட் கட் ஆகுதான்னு பாருங்க. ஆச்சுன்னா சிம் செட்டிங்ஸ்ல வோல்ட்டி (VoLTE) ஆஃப்ல இருக்கும், அத ஆன் பண்ணுனா கால் பேசுனாலும் நெட் நிக்காது. மூணாவது, பேட்டரி சேவர். அதப் போட்டு வச்சிருந்தா, நீங்க நடுவுல பேரன் அனுப்புன போட்டோவ ஒரு நிமிஷம் பாத்துட்டு வர்றதுக்குள்ள போன் ஆட்டத்த மூடிரும். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்ட எடுத்துருங்க. பேரன்ட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல செஞ்சிருவான், அவுகளுக்கு நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடிங்கிறத மறந்துட்டு நடு ராத்திரியில எழுப்பிறாதீங்க.

நெட்டு போனா உங்க முறைக்கு ஆப்பே ஆடிரும், அது எந்தக் காய நகட்டணும்னு யோசிச்செல்லாம் ஆடாது. அதத் தடுக்க வழி இல்ல, சீக்கிரம் திரும்பி உள்ள வர்றதுதான்.

புதுவயல் தம்பி: கேட்டப்பல்லாம் ஆறு விழுற ஹேக் ஏபிகே ஒண்ணு டெலிகிராம்ல வந்துச்சு. போடலாமா?

போடாத. ஒழுங்காச் செஞ்ச ஆன்லைன் ஆட்டத்துல என்ன எண் விழணும்னு முடிவு பண்றது அங்கிட்டு இருக்க சர்வர், உன் போன் வெறுமனே படம் காட்டுது. உன் போன்ல என்ன மாத்துனாலும் ஆறு விழாது. அந்த ஏபிகே கேக்குற பர்மிஷனப் பாரு: எஸ்எம்எஸ் படிக்கணும், அக்சஸிபிலிட்டி வேணும், அதாவது உன் ஸ்க்ரீன்ல இருக்கதப் பாக்கணும், உனக்குப் பதிலாத் தொடணும். லூடோவுக்கு உன் எஸ்எம்எஸ் எதுக்கு? ஓடிபிக்குத்தான்.

தேவகோட்டை அன்பர்: எந்தக் காயை நகட்டணும்னு ஒரு வழிமுறை இருக்கா? இல்ல எல்லாம் அதிர்ஷ்டம்தானா?

இப்பத்தான் ஒரு நல்ல கேள்வி. எண்ணு அதிர்ஷ்டம், காய் நம்ம கையில.

உங்க காய்க்குப் பின்னாடி ஒண்ணுலேர்ந்து ஆறு கட்டத்துக்குள்ள எதிரி நின்னா வெட்டு வாங்க ஏறக்குறைய 6ல 1. ஏழு கட்டம் தள்ளி நின்னா அவனுக்கு ஒரு ஆறு விழுந்து அப்புறம் ஒண்ணும் விழணும், 36ல 1. ஆறுக்கும் ஏழுக்கும் ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம், ஆபத்து ஆறுல ஒரு பங்காக் குறையுது. அந்த ஆறு கட்டத்துக்குள்ள ஒரே எதிரியோட ரெண்டு காய் வேற வேற தூரத்துல நின்னா 6ல 2. இத மட்டும் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாத்து ஆடுனாலே பாதிப் பேர ஜெயிக்கலாம், ஏன்னா பாதிப் பேர் எண்ணுறதே இல்ல, முன்னாடி நிக்கிற காயையே முட்டித் தள்ளிக்கிட்டே போவாங்க.

காய் புறப்படுற கட்டத்துலேர்ந்து பழம் ஆக 56 அடி. ஒரு உருட்டலுக்குச் சராசரி மூணரை. அப்ப 50 அடி நடந்த காய் வெட்டுப்பட்டா போனது சுமார் 14 உருட்டல், அதுக்கு மேல வெளிய வர ஒரு ஆறு. இப்பத்தான் எறங்குன காய் வெட்டுப்பட்டா போறது அந்த ஒரு ஆறு மட்டும்தான். அதனால வீட்டுக்குப் பக்கத்துல இருக்க காய வெட்ட முடியாத நட்சத்திரக் கட்டத்துல நிறுத்திட்டு, சும்மா கெடக்க காய வச்சு விளையாட்டு காட்டணும். போர்டுல 52 கட்டத்துல 8 தான் வெட்ட முடியாத எடம், அந்த எட்டையும் பாக்காமலே தெரிஞ்சிருக்கணும்.

எதிராளியோட வாசலத் தாண்டி அடுத்த ஆறு கட்டத்துல மட்டும் ராத்தங்காதீங்க. அவன் உள்ள நாலு காய் வச்சிருந்தா ஒவ்வொரு ஆறுக்கும் ஒருத்தன் உங்க முதுகுக்குப் பின்னால எறங்குவான்.

அப்புறம் ஆரம்பத்துல ஆறு விழுந்தா புதுக் காய எறக்குங்க. வெளிய ஒரே காய் வச்சிருக்கவனுக்கு எந்த எண் விழுந்தாலும் அதத்தான் நகட்டியாகணும், சாகப்போற கட்டம்னு தெரிஞ்சே போய் நிப்பான். மூணு காய் வெளிய இருந்தா மோசமான எண்ணையும் எங்கிட்டாவது தள்ளி விடலாம்.

கண்டனூர் தம்பி: ஆறு விழ டிப்ஸ் சொல்லுங்கண்ணே.

மேல கோட்டையூர் தம்பிக்குச் சொன்னதப் படிங்க.

கானாடுகாத்தான் மாப்ள ஒருத்தர்: ஆதார்ல போன் நம்பர் மாத்தணும், உங்க கடையில ஆகுமா?

ஆகாது மாப்ள, ஆதார் சேவை மையத்துக்குப் போங்க.

குன்றக்குடி தங்கச்சி: தெரியாதவங்களோட நாலு பேர் ஆட்டம் போட்டா ரெண்டு பேர் சேந்துகிட்டு என்னை மட்டும் வெட்டுறாங்க. அழுற எமோஜி வேற அனுப்புறாங்க.

அது நெசமாவே நடக்குதும்மா. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஒரே நேரத்துல தேடுனா சில சமயம் ஒரே ரூம்ல விழுந்துருவாங்க. ரெண்டு பேரும் அடுத்தவன் காய வெட்டாம தாண்டித் தாண்டிப் போனா அதுதான் அடையாளம். ரெண்டு பேர் ஆட்டத்துக்கு மாறிக்கங்க, அங்க கூட்டுச் சேர ஆளில்ல. எமோஜிய மியூட் பண்ணலாம். ஆனா நீங்க வெட்டுனா நீங்களும் அனுப்புறீங்கதான, பொய் சொல்லாதீங்க.

தேவகோட்டை ஐயா: லூடோ எல்லாம் ஒரு ஆட்டமா? எங்க அப்பத்தா காலத்துலேர்ந்து ஆடுன தாயத்துக்கு முன்னாடி இது நிக்குமா? வெள்ளைக்காரன் நம்மகிட்டேர்ந்து எடுத்துட்டுப் போனது.

வாங்கய்யா, எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். லூடோவுக்கு இங்கிலாந்துல 1890கள்ல காப்புரிமை வாங்குனாங்க, நம்ம நாட்டுப் பச்சீசிங்கிற ஆட்டத்த சுருக்கி எடுத்ததுதான், அதுல உங்ககூட சண்டை இல்ல. இப்ப எல்லாரும் ஆடுற லூடோ கிங் நவி மும்பைக் கம்பெனி 2016ல விட்டது, சுத்தி நம்ம நாட்டுக்கே வந்துருச்சு.

ஆனா எது நல்ல ஆட்டம்ங்கிறதக் கணக்காப் பாப்போம். தாயக்கட்டை ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. மொத்தம் 16 விதமா விழும். தாயம் விழ ஒண்ணும் வெறுமையும் வரணும், 16ல 2, அதாவது 8ல 1. லூடோவுல எறங்க 6ல 1. எறங்குறது தாயத்துல கஷ்டம். ஆனா எறங்குனப்புறம் பாருங்க, 1, 5, 6, 12 (ரெண்டு கட்டையும் வெறுமையா விழுந்தா 12) நாலுக்கும் மறு ஆட்டம் உண்டு, சேத்தா 16ல 6. லூடோவுல 6ல 1 மட்டும். அதனாலதான் தாயத்துல ஒருத்தர் உக்காந்து போட்டுக்கிட்டே இருக்க, மத்தவங்க எந்திரிச்சுப் போய் காப்பி குடிச்சிட்டு வர்றது. சுவாரஸ்யம் தாயத்துலதான், ஒத்துக்கிறேன். வேகம் லூடோவுல.

பள்ளத்தூர் ஆச்சி: 12க்கு மறு ஆட்டம் சரி. எங்க வீட்டுல ஒரு வெட்டாவது வெட்டுனாத்தான் காய் உள்ள போகும். லூடோவுல வெட்டாமலே பழம் எடுக்கலாம்ங்கிறாக, அது என்ன ஆட்டம்?

ஆச்சி, அது நல்ல சட்டம், ஒளிஞ்சு ஒளிஞ்சு போறவன ஜெயிக்க விடாது.

தேவகோட்டை ஐயா: வெட்டுக் கட்டாயமெல்லாம் பின்னாடி வந்தது. எங்க பக்கம் அப்படிக் கெடையாது.

பள்ளத்தூர் ஆச்சி: உங்க பக்கம் வெட்டத் தெரியாது, அதான் சட்டத்த எடுத்துட்டாக.

கோட்டையூர் தம்பி: எங்க ஆயா கட்டைய உள்ளங்கையில உருட்டாம சும்மா கீழ வச்சிரும், கேட்டா தாயம்னு சொல்லும்.

ஆயாமார் எல்லாருமே அப்படித்தான், அதுக்குத்தான் ரெண்டு கட்டையையும் உரசிட்டு போடணும்னு சட்டம். கட்டை தரையில உருண்டு ஓடணும், வழுக்கி வந்து நின்னா செல்லாதுன்னு எங்க வீட்டுல. அதுலயும் ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில பித்தளைக் கட்டை வழுக்கத்தான் செய்யும், அதுக்கு ஒரு பஞ்சாயத்து. ஆன்லைன்ல இந்தச் சண்டையே கெடையாது, கட்டை கைக்கே வர்றதில்ல. அதனாலதான் கோவத்த எல்லாரும் ஆப்பு மேல காட்டுறாங்கன்னு நெனக்கிறேன். திட்டுறதுக்கு எதிர்ல ஒரு ஆயா இருந்தா ஆறு விழாததெல்லாம் பெருசாத் தெரியாது.

ஐயா, ஆச்சி, வெட்டு கட்டாயமா இல்லையாங்கிறது வீட்டுக்கு வீடு மாறும், ஆட்டத்துக்கு முன்னாடி பேசி வச்சிக்கங்க. நான் ஆச்சி பக்கம். ஐயா கோவிச்சாலும் பரவாயில்ல. கட்டை இல்லாதவங்க முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகள்ல கேட்டுப் பாருங்க.

பேர் வேண்டாம்: வாட்ஸப்ல வந்த லிங்க்ல காசு கட்டி லூடோ ஆடுனேன். முதல்ல ஜெயிச்சேன், இப்ப எடுக்க முடியல. இன்னும் கட்டுனாத்தான் பழைய காசு வரும்ங்கிறாங்க.

கட்டாதீங்க. ஒரு ரூபா கூட. "கட்டுனா வரும்"னு சொன்னாலே அது போனதுதான். இப்பவே 1930க்குப் போன் பண்ணுங்க, சைபர் குற்றத்துக்கான நம்பர், எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குக் காச அக்கவுண்டுலயே நிறுத்தி வைக்க வாய்ப்பு. கட்டுன ஸ்க்ரீன்ஷாட், யூபிஐ நம்பர் எதையும் அழிக்காதீங்க. முதல்ல ஜெயிக்க விடுறதுதான் இவங்க தூண்டில். காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டத்தத் தடை பண்ணி மத்திய அரசு 2025 ஆகஸ்ட்ல சட்டமே கொண்டு வந்திருச்சு, திறமை ஆட்டம் அதிர்ஷ்ட ஆட்டம்னு பிரிச்செல்லாம் பாக்கல, நடத்துறவனுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். வீட்டுல சொல்லிருங்க, சொல்லாம கடன் வாங்கி அடைக்கப் பாக்குறதுலதான் பெருசா மாட்டிக்கிறாங்க.

திருப்பத்தூர் தம்பி: அண்ணே எனக்கு ஆறே...

நோட்டு. பேனா. 600 உருட்டல்.

காரைக்குடி தங்கச்சி: தோக்கப்போறப்ப எதிராளி வெளிய போயிடுறான், ஜெயிச்ச மாதிரியே இல்ல.

ஜெயிச்சதுதான், எடுத்துக்கங்க. கூப்புட்டா திரும்பி வரவா போறான். தெரிஞ்சவங்களோட ரூம் கோடு போட்டு ஆடுங்க, அங்க ஓடுனா மறுநாள் விசேஷ வீட்டுப் பந்தியில வச்சு கேக்கலாம்.

தேவகோட்டை ஐயா: 12ம் அதுக்கடுத்து 3ம் விழுந்தா ரெண்டையும் ஒரே காய்க்கு வைக்கணுமா, பிரிக்கலாமா? ஆச்சியையும் கேட்டுச் சொல்லுங்க.

பிரிக்கலாம்யா, விழுந்ததத் தனித்தனியா எந்தக் காய்க்கும் வைக்கலாம், ஆனா ஒரே எண்ண ரெண்டாப் பிளக்கக் கூடாது. ஆச்சி என்ன சொல்வாகன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பள்ளத்தூர் ஆச்சி: தம்பி சொன்னது சரி. ஐயாவ ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க, கட்டை எங்கிட்ட இருக்கு. வெட்டு கட்டாயம்.