முதுகெலும்பில் ஸ்க்ரூ சற்று விலகினால் பிடிமானம் போய்விடுமா?

கேள்வி: முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுத்த சிடி ஸ்கேனில், ஒரு ஸ்க்ரூ எலும்பின் சுவரைத் தாண்டி 2 மி.மீ. வெளியே இருப்பதாக வந்திருக்கிறது. அது கழன்றுவிடுமா?

நான் மருத்துவர் இல்லை. இந்த ஸ்க்ரூக்களின் பிடிமானத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அதனால் ஸ்க்ரூ எலும்பை எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் சேர்க்கும் குறுகலான பகுதி இடமும் வலமுமாக இரண்டு உண்டு. பெடிகிள் என்பார்கள். வெளிச்சுவர் கெட்டி, உள்ளே பஞ்சு மாதிரி எலும்பு. ஸ்க்ரூ இதன் வழியாகத்தான் முன்னால் போகிறது. பிடிமானத்தில் பெரும்பங்கு இந்தக் குறுகலான இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. முன்பகுதி பெரும்பாலும் பஞ்சு எலும்பு என்பதால் அங்கே நீளத்தைக் கூட்டி வரும் லாபம் குறைவு. பருமனைக் கூட்டினால் மரை கெட்டிச் சுவரை நெருங்கிப் பிடிக்கும். அளவுக்கு மீறிப் பருமனானால் சுவரே வெடிக்கும்.

ஆய்வகத்தில் எலும்புக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் நுரைக்கட்டையில் ஸ்க்ரூவை முடுக்கி, இயந்திரத்தில் மெதுவாக நேராக இழுப்போம். வெளியே வரும்போது மரைகளுக்கு நடுவே நுரை அப்படியே அடைத்துக்கொண்டிருக்கும். அறுந்தது மரையைச் சுற்றியுள்ள பொருள்தான், ஸ்க்ரூ அல்ல. ஆனால் உடம்புக்குள் யாரும் ஸ்க்ரூவை நேராக இழுப்பதில்லை. குனியும்போதும் எழுந்து உட்காரும்போதும் அது மேலும் கீழுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைகிறது. கார் கண்ணாடி வைப்பர் போல நுனி இரு பக்கமும் எலும்பை அரித்துக் குழியைப் பெரிதாக்கும். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான் தளர்வின் அடையாளம். என்னைக் கேட்டால், அந்த 2 மி.மீ.யை விட இந்தக் கோட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

எந்தப் பக்கம் விலகியது என்பதும் முக்கியம். உள்பக்கம், அதாவது நரம்புகள் செல்லும் கால்வாய்ப் பக்கம் போனால் கேள்வி பிடிமானத்தைப் பற்றியது அல்ல, நரம்பைப் பற்றியது. வெளிப்பக்கம் போனால் மரையின் ஒரு பக்கம் கெட்டி எலும்பைப் பிடிக்காமல் நிற்கும், பிடி குறையும். 2 மி.மீ. வரையிலான விலகலை, அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், பொதுவாக மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். எடுத்து வேறு பாதையில் போட்டாலும் பழைய துளை எலும்பைப் பலவீனமாக்கியிருக்கும். அதனால் அப்படியே விட்டிருந்தால் அது அலட்சியம் என்று அர்த்தமில்லை. ஆனால் காலில் புதிதாக வலி, மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்க்ரூ தலைகள் ஒரே வரிசையில் அமையாவிட்டால், அவற்றை இணைக்கும் கம்பியை அழுத்தி உட்கார வைக்க வேண்டிவரும். அப்போது அந்த ஸ்க்ரூ முதல் நாளிலிருந்தே வெளியே இழுக்கும் விசையைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஸ்கேனில் எல்லா ஸ்க்ரூவும் எலும்புக்குள் அழகாக இருக்கலாம், இந்தச் சுமை அதில் தெரியாது. கம்பியைச் சரியாக வளைத்துப் பொருத்துவதும் இடம் தேர்வு மாதிரியே பெரிய வேலை.

அப்புறம், முதுகெலும்பின் அடியில், இடுப்பெலும்புகளுக்கு நடுவே இருக்கும் சாக்ரம் என்ற முக்கோண எலும்பு. அங்கே பெடிகிள் அகலம், உள்ளே பஞ்சு அதிகம், சுமையும் அதிகம். நீண்ட கம்பி அங்கே முடிந்தால் இடுப்பெலும்பிலும் கூடுதல் ஸ்க்ரூ போடுவது அதனால்தான். எலும்புத் தேய்மானம் (எலும்பின் அடர்த்தி குறைவது) இருந்தால் பாதை துல்லியமாக இருந்தும் போதாமல் போகலாம். சிலருக்கு ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு சிமென்ட் செலுத்துவார்கள்.

எலும்புகளை ஒன்றாகச் சேர்க்கும் சிகிச்சை என்றால், ஸ்க்ரூவின் வேலை அவை ஒட்டும் வரை தாங்குவது. ஒட்டுவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஒட்டாவிட்டால் எவ்வளவு சரியாகப் போட்ட ஸ்க்ரூவும் ஒருநாள் தளரலாம் அல்லது உடையலாம். எனவே அடுத்த முறை மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: விலகல் எந்தப் பக்கம், ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்புக் கோடு இருக்கிறதா, எலும்பு சேர ஆரம்பித்துவிட்டதா?