"வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?" என்று கேட்காதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாற்றுத்திறனாளிகளின் உடல்நிலையையும் வாழ்நிலையையும் வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற பிள்ளைகளும், சில குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகள் இவை. இயன்முறை மருத்துவராக இந்த ஊர்களில் நடந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

பென்னாகரம் மாணவி: அக்கா, பாதி வீடுகளில் "அப்படி யாரும் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். திண்ணையிலேயே ஒரு பாட்டி தடவித் தடவி நடக்கிறார்.

கேள்விதான் தப்பு, கண்ணு. அந்த வீட்டுக்குப் பாட்டி மாற்றுத்திறனாளி இல்லை, வயசானவர். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் காது கேட்காத தம்பியைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். நானும் முதல் வருஷம் இப்படிக் கேட்டுத்தான் பலரைத் தவறவிட்டேன்.

வாஷிங்டன் குழு என்ற ஐ.நா. சார்ந்த புள்ளியியல் குழுவின் ஆறு கேள்விகளை வைத்துக்கொள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவு வைப்பது, தானே குளித்து உடுத்துவது, பேசிப் புரிய வைப்பது. ஒவ்வொன்றிலும் சிரமம் இல்லையா, கொஞ்சமா, நிறையவா, முடியவே முடியாதா என்று கேள். ஏதாவது ஒன்றில் "நிறைய" அல்லது "முடியாது" வந்தால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊனம் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. கண்ணாடி போட்டிருந்தால், போட்ட பிறகும் சிரமமா என்று கேள். வீட்டில் ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியாகக் கேள், ஐந்து வயது தாண்டிய பிள்ளைகள் உட்பட.

பாலக்கோடு வாசகர்: அப்பாவுக்குக் குனிய முடியவில்லை, கழுத்தும் திரும்பவில்லை. ஃப்ளூரைடு தண்ணீர் என்கிறார்கள். இதை எந்த வகையில் எழுதுவது?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடால் வரும் பல், எலும்புக் கேடு) என்று தனியாக ஒன்று இல்லை. கை, கால், முதுகு இயக்கக் குறைபாட்டில்தான் எழுத வேண்டும். மருத்துவர் மூட்டுகளின் அசைவை அளந்து சதவீதம் தருவார். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. ஆனால் படிவத்தின் ஓரத்தில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் அதை எழுதாவிட்டால் வெறும் "முதுகு வலி" என்று போய்விடும்.

தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கும் நீரைப் பல வருஷம் குடித்தால் முதலில் பல்லில் கறை, பிறகு எலும்பு. 2013இல் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் போர் தண்ணீரிலேயே வளர்ந்தவர்களுக்கு எலும்பில் ஏறிய கேடு எளிதில் இறங்காது. இன்னொன்று: குடிக்கக் குழாய்த் தண்ணீர், களி கிண்ட போர் தண்ணீர் என்று வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

தேன்கனிக்கோட்டை தன்னார்வலர்: தமிழில் கேட்டால் விழிக்கிறார்கள்.

அங்கே பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான். அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கன்வாடி அக்காவைப் பிடித்தால் இன்னும் நல்லது.

அரூர் தாய்: எழுதிக்கொண்டு போனார்கள். என் மகனுக்குப் பணம் எப்போது வரும்?

அம்மா, கணக்கெடுப்பு வேறு, விண்ணப்பம் வேறு. யுடிஐடி அட்டைக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் நீங்கள் தனியாக மனு கொடுக்க வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர்கள் இதைக் கதவருகிலேயே சொல்லிவிட வேண்டும். எழுதிவிட்டுப் போனால் ஒரு தாய் மாசக்கணக்கில் காத்திருப்பார்.

கிருஷ்ணகிரி மாணவர்: சார் கொடுத்த படிவத்தில் "வாழ்நிலை" என்று ஒரே கட்டம். என்ன எழுதுவது?

கண்ணால் பார்த்ததை எழுது, தம்பி. வாசல்படி எத்தனை, கழிப்பறை வீட்டுக்குள்ளா, இரவில் எப்படிப் போகிறார், பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம். கொடுத்த சக்கர நாற்காலி ஓடுகிறதா, மூலையில் கிடந்து அதன் மேல் துணி காய்கிறதா என்றும் பார். மகன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டால் நடக்க முடியாத அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பது யார்? பெரும்பாலும் மருமகள் அல்லது மனைவி. அவர் இடுப்பு எப்படி இருக்கிறது என்று அவரிடமும் கேள். வீடு தேடி வந்து சிகிச்சை தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இயன்முறை சிகிச்சைக்கு யாராவது வீட்டுக்கு வருகிறார்களா, கடைசியாக எப்போது வந்தார்கள் என்று அதே கட்டத்தில் எழுது. இடம் போதாவிட்டால் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

காரிமங்கலம் வாசகி: பேச முடியாத அண்ணனுக்காக அண்ணியே பதில் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அண்ணனை எதிரே உட்கார வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். தலையசைப்பில் பாதி பதில் அவரே சொல்வார்.