கடலூரிலேயே ஜூனியராகச் சேர்வதா, நேராக ஐகோர்ட்டா?

வணக்கம். பார் கவுன்சில் பதிவு முடிந்துவிட்டது, கிரிமினல், மனித உரிமை வழக்குகளில்தான் விருப்பம், கடலூரில் இருப்பதா சென்னைக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று வருடம் கடலூர்தான் சரி. ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவது), ஜாமீன், குறுக்கு விசாரணை எல்லாம் கீழ்க்கோர்ட்டில்தான் கைக்கு வரும். செஷன்ஸ் வழக்கு (கொலை போன்ற கடும் குற்ற வழக்கு) அதிகம் நடத்தும் சீனியராகப் பாருங்கள்.

மனித உரிமை வேலை ரிமாண்ட் அன்றே தொடங்கிவிடுகிறது. கைதானவரிடம் எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா என்று கேளுங்கள். 24 மணி நேரம் தாண்டியிருந்தாலோ காயம் இருந்தாலோ அங்கேயே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதியவையுங்கள், மருத்துவப் பரிசோதனையும் கேளுங்கள். அன்று பதியாத காயத்தைப் பிறகு நிரூபிப்பது மிகக் கடினம். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும்.

ஒவ்வொரு வழக்குக் கட்டிலும் ரிமாண்ட் தேதியைக் குறித்து வையுங்கள். பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187-ஆம் பிரிவின்படி, வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும். ஜூனியர்கள் தவறவிடுவது இங்கேதான்: மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும், கேப்பர் மலையில் உள்ள கடலூர் மத்திய சிறையில் இருக்கும் உங்கள் கட்சிக்காரர்தான் அதன் விளைவை அனுபவிப்பார்.

வக்கீல் தொழிலைத் தொடர எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள், பதிவிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். வருமானம் கவலையென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவி சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் (வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக கிரிமினல் வழக்கில் வாதாடுபவர்) பணிக்கு அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். ஆனால் அதில் சேர்ந்தால் தனி வழக்கு எடுக்க முடியாது.