அட்டாக்குக்கு அப்புறம் வால்வு லீக் – கேள்வி பதில்

எக்கோ (ஹார்ட்ட ஸ்கேன் பண்ணி பாக்குறது) ரூம்லயே பாதி ஆயுசு போச்சு, தெரிஞ்சத சொல்றேன். மருந்து மாத்துறது மட்டும் உங்க டாக்டர்கிட்டதான்.

கேள்வி: அப்பாவுக்கு போன மாசம் அட்டாக், ஸ்டென்ட் வச்சாச்சு. இப்ப எக்கோல மைட்ரல் வால்வு லீக், மாடரேட்னு இருக்கு. ரத்தக்குழாய் அடைப்புக்கும் வால்வுக்கும் என்னண்ணே சம்பந்தம்?

பதில்: மைட்ரல் வால்வுங்குறது ஹார்ட்டோட இடது பக்கம், மேல் அறை ஏட்ரியத்துக்கும் கீழ் அறை வென்ட்ரிக்கிளுக்கும் நடுவுல இருக்க கதவு. வால்வு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும் தம்பி. அதோட ரெண்டு இதழையும் மெல்லிசான நார்க்கயிறுங்க இழுத்துப் புடிச்சிருக்கும், அந்தக் கயிறுங்க கீழ இடது வென்ட்ரிக்கிள் சுவர்ல இருக்க ரெண்டு பாப்பிலரி தசைல போய் முடியுது. அட்டாக்ல அந்தச் சுவர் பாதிச்சு வெளிய தள்ளுச்சுன்னா கயிறு இழுபடும், இதழ் ரெண்டும் சேந்து மூடாது, அந்த இடுக்குல ரத்தம் பின்னாடி ஏட்ரியத்துக்கு பீச்சும். கதவு சரியாதான் இருக்கு, நிலைதான் சாஞ்சிருச்சு.

கேள்வி: மாமா அட்டாக் வந்து நாலாம் நாள் நல்லா பேசிட்டிருந்தார், திடீர்னு மூச்சு முட்டி வென்டிலேட்டர் வச்சாங்க. தசை அறுந்திருச்சுன்னு சொன்னாங்க, அட்டாக் சின்னதுதானே?

பதில்: சின்ன அட்டாக்லயும் வரும்மா. அறுந்தது வால்வுக் கயிற புடிச்சிருக்க பாப்பிலரி தசை, அது போனா வால்வு மூடாம பெருசா லீக் ஆகும். பின்பக்க பாப்பிலரி தசைக்கு பொதுவா ஒரே ரத்தக்குழாய்தான், முன்பக்கத்துக்கு ரெண்டு, அதான் அறுந்தா பெரும்பாலும் பின்பக்கம் அறும், 2லேர்ந்து 7 நாளுக்குள்ள. ஏமாத்துற விஷயம் என்னன்னா லீக் இவ்ளோ பெருசா இருந்தும் ஸ்டெத்ல சத்தம் கேக்காமலே போகலாம், உடனே எக்கோ வச்சாதான் தெரியும். ஹார்ட்டுக்கு ஒத்தாசையா வைக்கிற பலூன் பம்ப் கருவிலாம் ஆபரேஷன் வரைக்கும் தாக்குப்புடிக்கதான், தீர்வு அவசர ஆபரேஷன்.

கேள்வி: மாத்திரைலயே லீக் குறையுமா?

பதில்: அறுந்ததுக்கு குறையாது. சுவர் விரிஞ்சு வர்ற லீக் குறையலாம், ஹார்ட் ஃபெயிலியர் மாத்திரைய விடாம போட்டா ஹார்ட் கொஞ்சம் சுருங்கும், கயிறும் தளரும். அப்படியும் அடங்கலன்னா ரெண்டு இதழையும் சேத்துப் புடிக்கிற கிளிப் இருக்கு. அந்தக் கிளிப்ப சோதிச்சு 2018ல வந்த கோவாப்ட் ஆய்வுல சரியா பாத்து எடுத்த பேஷன்ட்ஸுக்கு நல்ல பலன் கெடச்சுது, எல்லாருக்கும் ஒத்துவராது.

கேள்வி: எனக்கு மெக்கானிக்கல் (செயற்கை) வால்வு. ஐஎன்ஆர் (ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாக்குற டெஸ்ட்) பாக்க வேண்டாத, ரத்தம் உறையாம இருக்கப் போடுற புது மாத்திரைக்கு மாறிடவா?

பதில்: தொடவே தொடாதீங்க சார். டாபிகாட்ரான்ங்குற புது மாத்திரை வச்சு செஞ்ச ஆய்வுல ரத்தம் உறையுறதும் ஜாஸ்தி, ரத்தக்கசிவும் ஜாஸ்தின்னு பாதிலயே நிறுத்திட்டாங்க. ஐஎன்ஆர் பாத்து போடுற வார்ஃபரின் மாத்திரைதான்.

கேள்வி: அம்மாவுக்கு ஆறு மாசம் முன்னாடி அட்டாக். இப்ப மூணு தலகாணி வச்சாதான் தூக்கம், வயசுன்னு விட்டுடலாமா?

பதில்: நுரையீரல்ல நீர் சேந்தாலும் இப்படித்தான் படுப்பாங்க. கால் வீங்குதா, ரெண்டு மூணு நாள்ல எடை 2 கிலோ ஏறிருக்கான்னு பாருங்க, எது எப்படியோ இந்த வாரமே எக்கோ எடுத்துடுங்க, உக்காந்தும் மூச்சு வாங்குச்சுன்னா இப்பவே எமர்ஜென்சிக்கு கெளம்புங்க.