தோல் நோயும் மைக்ராஸ்கோப்பும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: படர்தாமரை என்று எழுதி அனுப்புகிறார்கள். கே.ஓ.எச். (தோல் செல்லைக் கரைத்துப் பூஞ்சையைக் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) போட்டுப் பார்த்தால் பல ஸ்லைடுகளில் ஒன்றுமே தெரிவதில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: முதலில் எங்கே சுரண்டுகிறீர்கள் என்று பாருங்கள். வட்டத்தின் நடுப்பகுதி ஆறிக்கொண்டிருக்கும். பூஞ்சை உயிர்ப்போடு இருப்பது சிவந்து செதில் விடும் ஓரத்தில்தான். ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, 15 ஆம் எண் பிளேடின் விளிம்பால் அந்த ஓரத்துச் செதிலைச் சுரண்டுங்கள். 10% கே.ஓ.எச். ஒரு சொட்டு விட்டுக் கவர்ஸ்லிப் மூடி, 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். அவசரமென்றால் சுடருக்கு மேலே லேசாகக் காட்டலாம், கொதித்தால் படிகம் படிந்து ஸ்லைடு வீணாகிவிடும். நகத் துணுக்குக்கு 20 முதல் 40% கரைசலும் சில மணி நேரமும் வேண்டும். ஒரு இரவு ஊறவிட்டாலும் நல்லதே.

அடுத்து வெளிச்சம். லேப்பில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். சாயமேற்றாத பூஞ்சை இழை கண்ணாடிபோல் தெளிவானது, முழு வெளிச்சத்தில் கரைந்து மறைந்துவிடும். ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரைக் கீழிறக்கி, வெளிச்சம் வரும் துளையான டயாஃபிரத்தைச் சுருக்குங்கள். 10 மடங்கு லென்ஸில் தேடி, 40-இல் உறுதி செய்யுங்கள். நோயாளி பூஞ்சைக் களிம்பு தடவி வந்திருந்தாலும் ஸ்லைடு வெறுமையாகவே இருக்கும், எனவே அதைக் கேட்டுக் குறித்துவிடுங்கள். ஸ்டீராய்டு களிம்பு தடவியவர்களிடம் நிலைமை தலைகீழ். வட்டம் உருமாறி அடையாளம் தெரியாமல் போயிருக்கும், ஸ்லைடிலோ இழைகள் மண்டிக் கிடக்கும்.

கேள்வி: இழைபோலத் தெரிவதெல்லாம் பூஞ்சையா?

பதில்: இல்லை. பூஞ்சை இழை ஒரே சீரான அகலத்தில் ஓடும், இடையிடையே குறுக்குச் சுவர் இருக்கும், கிளை விடும். எல்லாவற்றையும்விட முக்கியம், தோல் செல்களின் எல்லையை மதிக்காமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். செல் எல்லையை ஒட்டியே வளைந்து வலைபோலத் தெரிந்தால், அது செல்களுக்கு இடையே தேங்கிய கொழுப்பு. துணி நார் தடிமனாக, அகலம் மாறி மாறி, முறுக்கிக்கொண்டு கிடக்கும்.

கேள்வி: தேமலில் என்ன தெரியும்?

பதில்: சேமியா ஜவ்வரிசிப் பாயசம்தான். குட்டையான வளைந்த இழைத் துண்டுகள், அவற்றுக்கு நடுவே கொத்துக் கொத்தாக உருண்டை வித்துகள். செல்லோடேப்பை ஒட்டி எடுத்தாலே போதும், பிளேடு தேவையில்லை. உருண்டைகள் மட்டும் சில தெரிந்தால் தேமல் என்று எழுதாதீர்கள். தேமலை உண்டாக்கும் அந்த ஈஸ்ட் பூஞ்சை நல்ல தோலிலும் குடியிருப்பதுதான்.

கேள்வி: சிரங்குப் பூச்சியை ஸ்லைடில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஏன்?

பதில்: சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுவதற்கும் பத்துப் பதினைந்து பூச்சிகளே இருக்கும். அரிப்போ ஒவ்வாமையால் வருவது, ஆகவே அரிக்கும் இடத்திலெல்லாம் பூச்சி இருக்காது. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பூச்சி தோலுக்குள் குடைந்த நெளிந்த மெல்லிய வளையைத் தேடுங்கள். பேனா மையைத் தடவித் துடைத்தால் வளைக்குள் மை தங்கிக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் முனையில் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விட்டுச் சுரண்டுங்கள். கே.ஓ.எச். வேண்டாம், அது பூச்சியின் எச்சத்தைக் கரைத்துவிடும். எண்ணெயிலோ பூச்சி நகர்வதையே பார்க்கலாம். 4 மடங்கு லென்ஸ் போதும். பூச்சி, நீள்வட்ட முட்டை, பழுப்பு எச்சத் துணுக்கு, இவற்றில் ஒன்று கிடைத்தாலும் முடிவு உறுதி. ஒன்றும் கிடைக்காததால் சிரங்கு இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: தொழுநோய் ஸ்மியரில் (தோலைக் கீறி எடுத்துக் கிருமியை எண்ணும் சோதனை) 3+ என்று வந்தது. ஓராண்டு சிகிச்சை முடிந்தும் 2+ இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: பயப்படாதீர்கள். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ பத்து மடங்கு. ஒரு பார்வைப் புலத்துக்கு (மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) சராசரியாக 1 முதல் 10 கிருமி இருந்தால் 3+, பத்துப் புலத்துக்கு அவ்வளவு இருந்தால் 2+. செத்த கிருமிகளையும் சேர்த்தே எண்ணுகிறோம். உடல் அவற்றை மெதுவாகத்தான் அப்புறப்படுத்தும், ஆண்டுக்குச் சுமார் ஒரு படி குறைவது இயல்பு. முழுநீளமும் சீராகச் சாயமேறிய கிருமி மறுபடி தெரிந்தாலோ, எண்ணிக்கை ஏறினாலோதான் மருத்துவர் மறு ஆய்வு செய்ய வேண்டும்.

லேப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழுநோய்க் கிருமியின் அமிலத் தாங்கு திறன் (அமிலம் ஊற்றியும் சாயத்தை விடாமல் வைத்திருக்கும் திறன்) காசநோய்க் கிருமியைவிடக் குறைவு. அதனால் நிறம் நீக்க 5% கந்தக அமிலம்தான். காசநோய்க்கு வைத்திருக்கும் 20% அமிலத்தை ஊற்றினால் கிருமியின் சிவப்பும் போய்விடும், பொய்யான நெகட்டிவ் ரிப்போர்ட் நோயாளியின் கைக்குப் போகும். தோலை வெளிறும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கீறுங்கள், ரத்தம் கலந்தால் ஸ்மியர் கெடும். உணர்ச்சியில்லாத திட்டு உள்ளவருக்கு ஸ்மியர் நெகட்டிவ் என்றாலும் தொழுநோய் இருக்கலாம். கிருமி குறைந்த வகையில் அப்படித்தான் வரும்.

கேள்வி: பயாப்சி ரிப்போர்ட்டில் "சொரியாசிஃபார்ம்" என்று இருக்கிறது. எனக்கு சொரியாசிஸ்தானா?

பதில்: அந்தச் சொல் மேல்தோல் தடித்துக் கீழ்நோக்கி நீண்டிருக்கும் அமைப்பை மட்டுமே சொல்கிறது. நாள்பட்ட எக்ஸிமாவிலும் அது வரும். செதிலடுக்கில் உட்கரு மிச்சமிருப்பது, அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு திரள்வது, செதிலுக்குக் கீழுள்ள குறுமணி அடுக்கு மறைவது, பாப்பிலா (உள்தோல் மேல்தோலுக்குள் நீட்டும் முனை) முகட்டுக்கு மேல் தோல் மெலிந்திருப்பது ஆகிய நான்கும் சேர்ந்தால் சொரியாசிஸ் பக்கம் சாயும். செல்களுக்கு இடையே நீர் கோத்து விலகியிருந்தால் எக்ஸிமா பக்கம். குறுமணி அடுக்கு தடித்து, மேல்தோலுக்குக் கீழே அழற்சி செல்கள் பட்டைபோல அடைந்து நின்றால் லைக்கன் பிளானஸ் என்ற வேறொரு தோல் நோய். ஸ்டீராய்டு களிம்பு தடவிய தோலில் இந்த அடையாளங்கள் மங்கிவிடும், அப்போது பேத்தாலஜிஸ்ட் இப்படிப் பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொள்வார். என்ன களிம்பு, எத்தனை நாள், எந்த இடத்துத் தோல் என்பதை உங்கள் டாக்டர் அவருக்கு எழுதி அனுப்பினால், அதே ஸ்லைடை மறுபடி பார்த்துத் தெளிவாகச் சொல்ல வாய்ப்பு உண்டு.